வழிபாடும் இதயத் துடிப்பும்

(அறக்கட்டளையின் ஆண்டுவிழாவில் ஆலய மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுவிழா மேடையில் நான் பேசப்போகும் பொருள் இதயம். பக்திப் பாடல்களில் உருகும் இதயத்தைச் சொல்லவில்லை. நெஞ்சுக்கூட்டுக்குள் சற்றே இடப்பக்கம் சாய்ந்தபடி, நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய ஓர் இலட்சம் முறை துடிக்கும் தசைப்பையைச் சொல்கிறேன். கோயிலில் இது என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நாம் மூச்சிழுத்துப் பாடுவதும், விழுந்து வணங்கி எழுவதும், விரதம் இருப்பதும், காவடி சுமப்பதும், பூக்குழி இறங்குவதும் இந்தப் பையை வைத்துக்கொண்டுதானே? நம் வழிபாட்டின்போது அதற்கு என்ன நேர்கிறது என்று தெரிந்துகொள்வது நமக்கு நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. 2019-2020இல் சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 74 வயது வரையிலானவர்களில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. மூன்று பேரில் ஒருவருக்கும் மேல். இந்த மண்டபத்தில் உங்கள் இருபுறமும் அமர்ந்திருப்பவர்களை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் இதை ‘இரத்தக் கொதிப்பு’ என்பார்கள். உண்மையில் இரத்தம் கொதிப்பதில்லை. கொதித்தால் நமக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல், சத்தமில்லாமல் இருந்து கெடுப்பதுதான் இந்த நோயின் குணம்.

நாடி சொல்லும் செய்தி

நாற்பது ஆண்டுக்காலம் வகுப்பறையில் நின்றவன் நான். ஆகவே ஒரு சிறு சோதனை. எல்லோரும் வலது கையின் மூன்று விரல்களை இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக மெல்ல வையுங்கள். சித்த வைத்தியர் நாடி பார்ப்பதைப் போல. இப்போது ஐந்து எண்ணும் வரை மூச்சை மெதுவாக இழுங்கள். பின்னர் ஐந்து எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். கூர்ந்து கவனித்தால், மூச்சை இழுக்கும்போது நாடி சற்று விரைவாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் துடிப்பது தெரியும். இளைஞர்களுக்கு நன்றாகத் தெரியும். என் வயதினருக்கு அவ்வளவாகத் தெரியாது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1847இலேயே, இரத்த அழுத்தத்தைச் சுழலும் உருளையில் கோடாக வரைந்து காட்டும் கருவியைக் கொண்டு, மூச்சுக்கும் துடிப்புக்கும் உள்ள இந்த உறவைப் பதிவு செய்தார். ஆரோக்கியமான இதயம் கடிகாரம்போல ஒரே சீராகத் துடிப்பதில்லை. மூச்சுக்கும், உட்காருவதற்கும், எழுவதற்கும் ஏற்ப வளைந்து கொடுத்துத் துடிக்கிறது.

இந்த வளைந்து கொடுக்கும் குணம் எவ்வளவு முக்கியம் என்பதை 1987இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மாரடைப்பு வந்து பிழைத்த 808 பேரின் துடிப்பை 24 மணி நேரம் பதிவு செய்து, பின்னர் அவர்களைச் சராசரியாக இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்தார்கள். துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் மிகக் குறைவாகவே மாறியவர்களின் இறப்பு விகிதம், நன்றாக மாறியவர்களின் விகிதத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகமாக இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவது நல்லது. மூச்சுக்குத் தொடர்பில்லாமல், தாளம் தவறிய மத்தளம்போல நாடி தாறுமாறாகத் துடித்தால் அது வேறு விஷயம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தேர் வடமும் முட்டுக்கட்டையும்

இதயத்தை யார் ஓட்டுகிறார்? ஊரில் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். தேரின் முன்னால் வடம் பிடித்து இழுக்கும் கூட்டம் ஒன்று. சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டை வைத்துக்கொண்டு ஓடும் சிலர். இழுப்பவர்கள் மட்டும் இருந்தால் தேர் எங்கோ போய் மோதும். முட்டுக்கட்டை போடுபவர்கள் மட்டும் இருந்தால் தேர் நிலையை விட்டு நகராது.

இதயத்திற்கும் அப்படி இரண்டு வகை நரம்புகள் உண்டு. பரிவு நரம்புகள் வடம் இழுப்பவை. கோபம், பயம், ஓட்டம், சுமை என்றால் துடிப்பை விரைவுபடுத்தும். இரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை உயர்த்தும். எதிர்ப்பரிவு நரம்புகள் முட்டுக்கட்டை போடுபவை. அவற்றில் தலையாயது வேகஸ் என்னும் நரம்பு. மூளையின் அடியிலுள்ள முகுளத்தில் தொடங்கி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் என்று பல உறுப்புகளுக்கும் செல்வதால் ‘அலைந்து திரிவது’ என்ற பொருளுள்ள இலத்தீன் பெயரை வைத்தார்கள். இரண்டும் சேர்ந்ததே தானியங்கு நரம்பு மண்டலம். நாம் நினைக்காமலே, நாம் உறங்கும்போதும் வேலை செய்வது.

இளவயதினருக்கு இந்த இரண்டு நரம்புகளின் பிடியையும் மருந்தால் தற்காலிகமாக நீக்கிப் பார்த்தால், இதயம் தன்போக்கில் நிமிடத்திற்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கிறது. ஓய்வாக இருக்கும்போது 70 என்று இருப்பதற்குக் காரணம், முட்டுக்கட்டை எப்போதும் சற்றே போடப்பட்டிருப்பதுதான். நம் அமைதி தானாக வந்ததன்று. வேகஸ் நரம்பு நிமிடந்தோறும் உழைத்துத் தருவது. இன்னொரு வியப்பு: முட்டுக்கட்டையின் பலன் அடுத்த துடிப்பிலேயே தெரியும். வடம் இழுப்பவர்களின் பலன் தெரியச் சில விநாடிகள் ஆகும்.

வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயம் நின்றுவிடும் என்பதை வேபர் சகோதரர்கள் 1845இல் கண்டார்கள். ஆனால் நரம்பு எப்படி இதயத்திடம் பேசுகிறது? ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரப் பேராசிரியர் ஓட்டோ லோவிக்கு விடை கனவில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். இரவில் விழித்துக் குறித்து வைத்தாராம். காலையில் பார்த்தால் தம் கையெழுத்தே புரியவில்லை. மறுநாள் இரவு அதே கனவு வந்தபோது, எழுதி வைக்காமல் நேரே ஆய்வுக்கூடத்திற்கே போய்விட்டார். ஒரு தவளையின் இதயத்தை வேகஸ் வழியாக மெதுவாக்கி, அதைச் சுற்றியிருந்த நீரை எடுத்து இன்னோர் இதயத்தின்மேல் விட்டார். நரம்பே தொடாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாயிற்று. நரம்பு ஓர் இரசாயனப் பொருளைக் கொண்டு பேசுகிறது என்று 1921இல் உலகம் அறிந்தது. 1936இல் ஹென்றி டேலுடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கழுத்தில் நிற்கும் காவலர்கள்

இப்போது நம் சந்நிதிக்கு வருவோம். முதியவர் ஒருவர் நிலத்தில் விழுந்து வணங்குகிறார். சட்டென்று எழுகிறார். கண் இருட்டுகிறது, தூணைப் பிடித்துக்கொள்கிறார். என்ன நடந்தது?

எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, அழுத்தம் இறங்கும். கழுத்தின் இருபுறமும் மூளைக்குச் செல்லும் பெரிய தமனிகளிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. இவர்களே காவலர்கள். குழாயின் சுவர் விரிவது குறைந்தவுடன் முகுளத்திற்குச் செய்தி போகிறது. முட்டுக்கட்டை எடுக்கப்படுகிறது, வடம் இழுக்கப்படுகிறது, இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. சில விநாடிகளில் எல்லாம் சரியாகிவிடும்.

வயது ஏற ஏறத் தமனிச் சுவர் விறைத்துப் போவதால், காவலர்களுக்குச் செய்தி மந்தமாகவே கிடைக்கிறது. நீரிழிவும் இந்த நரம்புகளைப் பாதிக்கலாம். இரத்த அழுத்த மாத்திரை சிலவும், சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையும், புரோஸ்டேட் வீக்கத்திற்குத் தரும் மாத்திரை சிலவும் இந்தத் தடுமாற்றத்தைக் கூட்டும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்திற்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், மருத்துவர்கள் அதை ஒரு கோளாறாகவே கருதுகிறார்கள். முதியவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே மூத்தவர்களே, விழுந்து வணங்குங்கள். எழும்போது அவசரம் வேண்டாம். முதலில் முழந்தாளிட்டு அமர்ந்து பத்து வரை எண்ணுங்கள். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழுங்கள். வயிறு நிறைய உண்டபின் இரத்தம் குடலை நோக்கிச் செல்வதால், அன்னதானப் பந்தியிலிருந்து எழும்போதும் இதே நிதானம் வேண்டும்.

இதயத்தை நிறுத்திக் காட்டிய யோகிகள்

‘சார், நம் யோகிகள் இதயத்தையே நிறுத்தினார்களே, அவர்களுக்கு மாத்திரை தேவைப்பட்டதா?’ என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. இதை மூன்று அறிஞர்கள் சோதித்தே பார்த்தார்கள். கலிபோர்னியாவைச் சேர்ந்த வெங்கர், மிச்சிகனைச் சேர்ந்த பாக்சி, டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆனந்த் ஆகியோர் இந்தியாவில் யோகிகளைக் கருவிகளோடு இணைத்துப் பதிவு செய்து, 1961இல் முடிவை வெளியிட்டார்கள்.

மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் அழுத்தியபோது, மணிக்கட்டில் நாடி மறைந்தது. காதில் வைத்துக் கேட்கும் குழாயிலும் இதய ஒலி கேட்கவில்லை. ஆனால் மின்பதிவில் இதயம் துடித்துக்கொண்டே இருந்தது. மார்புக்குள் அழுத்தம் கூடியதால் இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, நாடி மெலிந்திருந்தது, அவ்வளவுதான். யாரும் இதயத்தை நிறுத்தவில்லை. அதே ஆய்வில் ஒருவர் தம் துடிப்பைக் கணிசமாகக் குறைத்துக் காட்டினார்.

இதைக் கேட்டு வருந்தவேண்டியதில்லை. இதயம் நம் கட்டளைக்கு நேரடியாக அடங்குவதில்லை. அதை அணுகுவதற்கு நமக்குத் திறந்திருக்கும் வாசல் மூச்சு. மூச்சு தானாகவும் நடக்கும். நாம் நினைத்தபடியும் நடக்கும். திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தைச் சொல்லும்போது மூச்சுப் பயிற்சிக்கு ஏன் இடம் தந்தார் என்பதை இந்த இடத்தில் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

நிமிடத்திற்கு ஆறு மூச்சு

2001ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் அவர் குழுவினரும் 23 பேரை அமர வைத்து, கத்தோலிக்கர்களின் ஜெபமாலை மந்திரத்தை இலத்தீனிலும், ‘ஓம் மணி பத்மே’ என்ற பௌத்த மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டு மந்திரமும் வெவ்வேறு சமயம், வெவ்வேறு மொழி. ஆனால் இரண்டைச் சொன்னபோதும் மூச்சு ஏறத்தாழ நிமிடத்திற்கு ஆறாக இறங்கியது. அதாவது ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி.

இதில் என்ன சிறப்பு? நம் இரத்த அழுத்தத்திலேயே ஏறக்குறைய பத்து விநாடிக்கு ஒருமுறை எழுந்து தாழும் ஓர் அலை இருக்கிறது. 1876இல் அதைப் பற்றி எழுதிய சிக்மண்ட் மேயரின் பெயரால் அது வழங்குகிறது. மந்திரத்தின் மூச்சு அந்த அலையோடு இணைந்துகொண்டது. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் வீச்சு பெருகுவதைப் போல, துடிப்பின் ஏற்ற இறக்கம் பெருகியது. கழுத்துக் காவலர்களின் கூர்மையும் கூடியது: அழுத்தம் ஓர் அலகு கூடினால் துடிப்புகளுக்கு இடையே 9.5 மில்லி விநாடி மாறிய இடத்தில், மந்திரம் சொன்னபோது 11.5 மில்லி விநாடி மாறியது. சாதாரணப் பேச்சு இந்த ஒழுங்கைத் தரவில்லை.

2005இல் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் நிமிடத்திற்கு ஆறு மூச்சு என்று விடச்செய்து பார்த்தபோது, சராசரியாக 150க்கு 83 அளவில் இருந்த அழுத்தம் 141க்கு 78 அளவுக்கு இறங்கியது. அதற்கும் முன்னரே, 1969இல், மும்பையில் மருத்துவர் தாத்தேயும் குழுவினரும் 47 நோயாளிகளுக்குச் சவாசனம் பயிற்றுவித்து நல்ல பலன் கண்டதை வெளியிட்டிருந்தார்கள். அங்கே மருந்தைக் குறைத்தது நோயாளிகள் அல்லர். அளந்து பார்த்த மருத்துவர்கள்.

இந்த நுணுக்கத்தை மறக்கக்கூடாது. மூச்சை மெதுவாக்கும்போது அழுத்தம் இறங்குகிறது என்பது உண்மை. அந்தச் சில நிமிட இறக்கம் நாள் முழுதும் நிற்கும் என்று அந்த அளவீடு சொல்லவில்லை.

காவடியும் பூக்குழியும்

நம்மவர்களின் நேர்த்திக்கடனையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. மொரீஷியஸ் தீவில் தைப்பூசக் காவடி எடுத்த தமிழ் வழியினரைச் சில வாரங்கள் கருவிகளோடு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019இல் வெளியானது. உடலில் அலகு குத்தியும் அவர்கள் உடல்நலத்திற்குக் கேடு நேர்ந்ததாகத் தெரியவில்லை, மனநிறைவு கூடியிருந்தது.

ஸ்பெயினில் சான் பெத்ரோ மான்ரிக்கே என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் தீமிதி நடக்கிறது. அங்கே செய்த ஆய்வு 2011இல் வந்தது. தீ மிதித்தவரின் இதயத் துடிப்பு ஏறி இறங்கிய விதமும், ஓரமாக நின்று பார்த்த அவருடைய உறவினர், நண்பர்களின் துடிப்பு ஏறி இறங்கிய விதமும் ஒத்திருந்தன. அறிமுகம் இல்லாத பார்வையாளர்களிடம் அந்த ஒற்றுமை இல்லை. மகன் பூக்குழி இறங்கும்போது தாய்க்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று நாம் சொல்வதைக் கருவியும் சொல்லிவிட்டது. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் கூட்டத்தோடு நிற்கும் தாய்மார்களுக்கு இது புதிய செய்தி அன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மிதிப்பவரை மட்டும் அல்ல, ஓரத்தில் நிற்கும் வயதான பெற்றோரையும் நம் தொண்டூழியர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விரதமும் மாத்திரையும்

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான விஷயம். நம் ஆலயத்திற்கு நெடுங்காலமாக வரும் அன்பர் ஒருவர். பல ஆண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டு வந்தவர். ஒரு விரதக் காலத்தில், ‘வாயில் எதுவும் படக்கூடாது, அம்மாள் பார்த்துக்கொள்வாள்’ என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரம் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. உயிர் பிழைத்தார். சக்கர நாற்காலியில் வருகிறார். அவருடைய துணைவியார் என்னிடம் கேட்டார்: “சார், விரதத்தில் மாத்திரை சாப்பிட்டால் குற்றம் என்று கோயிலில் யாராவது சொன்னீர்களா?”

யாரும் சொல்லவில்லை. ஆனால், குற்றம் இல்லை என்றும் நாம் யாரும் சொல்லி வைக்கவில்லை. அந்த அம்மையாரின் கேள்விக்கு இந்த மேடையில் பதில் சொல்கிறேன். விரதம் என்பது ஆசையை அடக்குவது. மாத்திரை ஆசைக்காகச் சாப்பிடுவதன்று. மாத்திரையை விழுங்குவதால் விரதம் கெடாது. இறைவன் தந்த உடலைக் காப்பதும் வழிபாடுதான்.

மேல் அழுத்தம் 10 அலகு குறைந்தால், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய கேடுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று பல ஆய்வுகளைத் திரட்டி 2016இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அதைத் தருவது மருந்து. துடிப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளை ஒரே நாளில் நிறுத்தினால், அடக்கி வைத்த பரிவு நரம்புகள் பாய்ந்தெழுந்து துடிப்பும் அழுத்தமும் முன்னைவிட அதிகமாக ஏறும் ஆபத்தும் உண்டு. மறுபக்கம், உணவும் நீரும் குறையும் நாள்களில் சிலருக்கு அளவை மாற்றவும் வேண்டியிருக்கும்; நீரிழிவுக்காரர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஆகவே காப்புக் கட்டுவதற்கு முன்பே உங்கள் பலதுறை மருந்தகத்திற்குச் சென்று, ‘எனக்கு இத்தனை நாள் விரதம், மாத்திரையை எப்படிச் சாப்பிடட்டும்?’ என்று கேளுங்கள். வெட்கப்படவேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை

அறக்கட்டளைக்கும் அன்பர்களுக்கும் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, காவடிக்கும் பால்குடத்திற்கும் பூக்குழிக்கும் பெயர் பதியும் இடத்தில், ‘மருந்தை நிறுத்தாதீர்கள்; மருத்துவரைக் கேளுங்கள்’ என்று பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு வைப்போம். பெயர் பதியும் தொண்டூழியர் அதை வாயாலும் சொல்லட்டும். கும்பிடு தண்டம் இடும் மூத்தவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் துணையாக நடக்கட்டும்.

இரண்டாவது, மாதம் ஒருமுறை மண்டபத்தின் ஓரத்தில் இரத்த அழுத்தம் பார்க்கும் மேசை ஒன்று போடுவோம். ஒரு மேசை, சில நாற்காலிகள், தரமான கருவி இரண்டு, விவரம் அறிந்த தொண்டூழியர் சிலர் போதும். வந்தவுடன் பார்க்கக்கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, முதுகைச் சாய்த்து, கையை இதய மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் பயமுறுத்தாமல், மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நன்கொடையாளப் பெருமக்களே, நீங்கள் தரும் பொருளில் ஒரு சிறு பங்கு இதற்குப் போனால், அது அன்னதானத்திற்கு ஈடான புண்ணியம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது வேண்டுகோளுக்குச் செலவே இல்லை. கூட்டு வழிபாட்டில் நாம் அவசரப்படுகிறோம். பணிக்குப் போகவேண்டும், வண்டியைப் பிடிக்கவேண்டும் என்று பதிகத்தை விரட்டிப் பாடுகிறோம். ஓதுவார் ஓர் அடியைப் பாட, நாம் மூச்சு நிறைய எடுத்து, நிறுத்தி, நீட்டி அடுத்த அடியைப் பாடுவோம். பாடுபவர் நெஞ்சுக்கும் அது நல்லது. கேட்பவர் செவிக்கும் நல்லது. பாடி முடித்து வீடு திரும்பியதும், இரவு மாத்திரை இருந்தால் அதை மறக்காமல் சாப்பிடுங்கள்.